காலைக்கு ஒரு சொல்

கணவனும் மனைவியும் ஒரே இலாகாவில் சேவை செய்வோராயின், சேவையின் தேவைகள் இடமளிக்கும் அளவுக்கு, இருவரையும் ஒரே நிலையத்திலோ அண்மையிலுள்ள நிலையங்களிலோ அமர்த்துதல் வேண்டும். நான் தபால் வேலைக்குச் சேர்ந்த காலத்து விதிக்கோவையில் அப்படியொரு பந்தி இருந்தது. நல்ல பந்தி. எழுதியவர் மனைவியோடு வாழ்ந்தவராக இருக்க வேண்டும். 'சேவையின் தேவைகள் இடமளிக்கும் அளவுக்கு' என்ற நான்கு சொற்களை இடையில் செருகியவர் வேறொருவர் என்பது என் ஊகம். நானும் என் கணவரும் எங்கள் சேவைக்காலம் முழுவதும் அந்த நான்கு சொற்களுக்குள்தான் குடியிருந்தோம்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு பயிற்சி வகுப்பு. தபாற் கந்தோர்களைப் பொறுப்பேற்கவிருக்கும் இளம் பெண்களுக்காக நடத்தியது. ஓய்வு பெற்றவள் என்ற தகுதியில் என்னையும் அழைத்திருந்தார்கள். கரும்பலகையில் 'தலைமைப் பதவியில் பெண்கள்: வேலையும் வீடும்' என்று எழுதியிருந்தது. ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்:

"மிஸிஸ், ரண்டையும் நீங்கள் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?"

"எங்களுக்குச் சமைக்க ரண்டு குசினி இருந்தது, தங்கச்சி," என்றேன். "நடுவில ஆனையிறவு."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

தந்தி பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புள்ளியும் கோடும், கோடும் புள்ளியும், சோற்றுக் கோப்பையில் விரல் தட்டினாலும் அதுவே. வவுனியாவில் எனக்குப் பழக்கியவர் பிலோமினா மிஸ். பின்னர் எங்கள் பகுதிக்கு மேற்பார்வை அதிகாரியாகவும் அவரே வந்தார். மெலிந்த, உயரமான பெண். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. எங்கே போனாலும் தன் எனாமல் கோப்பையைக் கொண்டுபோவார். பிறர் கோப்பையில் தேநீர் குடித்தால் அவர்களுடைய பிழையை எழுதக் கை வராதாம். ஒரு கந்தோருக்குள் நுழைந்தால் முதலில் சுவர்க் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுவார். அதற்குப் பிறகுதான் மனிதர்களைப் பார்ப்பார். அவர் ஏசி நான் கேட்டதில்லை. யாராவது வழக்கத்துக்கு மாறாக ஒன்றைச் செய்தால் ஒரே சொல்தான் கேட்பார்: "பந்தி?" அந்தச் செயலுக்கு விதிக்கோவையில் எந்தப் பந்தி இடம் தருகிறது என்று அர்த்தம். சொல்ல முடிந்தால் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சொல்ல முடியாவிட்டால் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கு ஏச்சே மேல்.

கருவியில் செய்தி வந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று என்னோடு ஊர்க்கதை கதைப்பார். "உங்கட பக்கம் இந்த முறை மாங்காய் எப்பிடி?" நான் பதிலும் சொல்ல வேண்டும், எழுதவும் வேண்டும். "கை எழுதட்டும். மனம் வாசிக்கக் கூடாது. வாசிச்சால் பிந்துவீங்கள்," என்பார். என்னவென்று உணராமல் ஒரு செய்தியை முழுதாக எழுதிவிடும் அந்தப் பழக்கம் வந்த பிறகுதான் எனக்குச் சான்றிதழ் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் தந்தி அனுப்பும் ஒருவரைக் கலியாணம் செய்தேன். 1951இல் மகள் வதனி பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதானபோது முல்லைத்தீவுக் கரையில் ஒரு கந்தோரின் முழுப் பொறுப்பையும் எனக்குக் கொடுக்க முன்வந்தார்கள். கையெழுத்துப் போடுமுன் வவுனியாவுக்குப் போய் மிஸ்ஸிடம் கேட்டேன்.

"மாட்டன் எண்டு நீங்கள் எழுதலாம்," என்றார் மிஸ். "ஆனால் அடுத்த பத்து வருசத்துக்கு வேற ஒரு பொம்பிளையையும் கேக்கமாட்டினம். ஒருத்தியைக் கேட்டனாங்கள், மாட்டன் எண்டிட்டாள் எண்டு சொல்லிப் போடுவினம்."

மிஸ் கலியாணம் செய்யாதவர். இரண்டில் ஒன்றை ஆரம்பத்திலேயே விட்டவர், அவருக்கு இது சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்தும் போட்டேன். கந்தோரோடு ஒட்டிய விடுதியில் கூரை ஒழுகியது, கிணறு உப்பு, நுளம்பு பகலிலும் கடித்தது. பிள்ளையை யாழ்ப்பாணத்தில் தகப்பனோடும் அவரின் சகோதரியான மச்சாளோடும் விட்டுவிட்டுத் தனியே போனேன். போன முதற் கிழமையே மேற்படி பந்தியைக் காட்டி, அவரை என்னிடமோ என்னை அவரிடமோ மாற்றும்படி விண்ணப்பித்தேன்.

பொறுப்பதிகாரிக்கு ஒரு விதி உண்டு. பெட்டகச் சாவி அவர் உடம்பை விட்டு அகலக்கூடாது. அனுமதி பெற்ற பதில் அலுவலர் ஒருவரிடம் முறைப்படி ஒப்படைக்காமல் அவர் ஊரை விட்டும் அகலக்கூடாது. பதில் அலுவலர் என்பவர் மாதத்துக்கு ஒருமுறை கிடைத்தால் அந்த மாதம் நல்ல மாதம். இடுப்பில் சாவியோடு நான் இருந்த அந்தக் கரையில் வேதக்காரச் சனம், கடல் தொழில். என்னைக் 'கந்தோரம்மா' என்பார்கள். மீன் விற்கும் மதலேனம்மா முதல் நாளே விசாரணையை முடித்துவிட்டாள்.

"கந்தோரம்மா, உங்கட மனிசனும் கடலுக்குப் போறவரோ?"

"இல்லை, யாழ்ப்பாணத்தில தந்தி அடிக்கிறவர்."

"அப்ப எங்கட ஆக்களை விட மோசம். எங்கட ஆக்கள் பின்னேரம் போனால் விடியக் கரைக்கு வருவினம்."

இனிச் சோதனைச் சொல்லைப் பற்றி.

யாழ்ப்பாணம், வவுனியா, எங்கள் கரை, மூன்றுக்கும் ஒரே கம்பி. ஒருவர் அடிப்பது மற்ற இருவருக்கும் கேட்கும். காலையில் கதவு திறக்குமுன் கம்பியைச் சோதிக்க வேண்டும். யாழ்ப்பாணம் ஒரு சொல்லை அனுப்பும், நாங்கள் அதையே திருப்பி அனுப்புவோம். சில நாள் நாங்கள் தொடங்குவோம், அவர்கள் திருப்புவார்கள். சரியாக வந்தால் கம்பி சுகம். சொந்தக் கதை கதைப்பது கடுமையாகத் தடை. பெரும்பாலோர் 'சோதனை' என்ற சொல்லையே ஆங்கிலத்தில் அனுப்புவார்கள்.

நான் போய் இரண்டாம் கிழமை, ஒரு திங்கட்கிழமை. கருவி தட்டிய விதத்திலேயே அவர் என்று தெரிந்தது. தந்தி அடிக்கும் கைக்கும் கையெழுத்து உண்டு. அவர் கை கடைசிக் கோட்டைச் சற்று இழுக்கும். ஆங்கில எழுத்துகளில் வந்த சொல் 'பால்'. விதிப்படி திருப்பி அனுப்பினேன். மறுநாள் 'ஊஞ்சல்'. அடுத்த நாள் 'பூனை' என்று வந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. அது வதனி. காலைக்கு ஒரு சொல் வதனி.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் பிள்ளையைக் கட்டி எழுப்புவேன். ஒரு நாள் 'ஏணி' என்று வந்தது. என்ன ஏணி? யார் ஏறவிட்டது? மச்சாள் எங்கே? அன்று நான் தரம் பிரித்த தபாற் பைகளில் ஒன்று ஓமந்தைக்குப் போகவேண்டியது எங்கோ போய், இரண்டு நாள் கழித்து விசாரணையோடு திரும்பி வந்தது. ஏணிக்கு மறுநாள் வந்த சொல் 'பிளாஸ்ரர்', காயத்துக்கு ஒட்டுவது.

மிஸ்ஸுக்கும் எல்லாம் கேட்கும் என்பதை நான் மறக்கவில்லை. ஒருமுறை பரிசோதனைக்காக முதல்நாளே வந்து தங்கியவர், காலையில் கருவியின் பக்கத்தில் கோப்பையோடு நின்றார். யாழ்ப்பாணத்துச் சொல் வந்தது: 'கூகைக்கட்டு'. வதனிக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது.

"பந்தி?" என்றார் மிஸ்.

"சோதனைச் சொல் என்னவாய் இருக்கவேணும் எண்டு எந்தப் பந்தியிலும் இல்லை, மிஸ்."

மிஸ் காத்திருந்தார். தேநீர் முடிந்தது. "இல்லைத்தான்," என்றார். பின்னேரம் பஸ்ஸில் ஏறும்போது, கடிகாரத்தைப் பார்த்தபடி, "ரண்டு கன்னமுமோ?" என்று கேட்டார்.

"தெரியாது, மிஸ். நாளைக்குத்தான் தெரியும்."

மறுநாள் வந்த சொல் 'இரண்டும்'. வவுனியாவிலும் கேட்டிருக்கும்.

வதனிக்கு ஐந்து வயது நடந்த கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. திங்கட்கிழமைச் சொல் 'காய்ச்சல்'. செவ்வாயும் அதுவே. புதன்கிழமை வேறொரு கை 'சோதனை' என்று மட்டும் அடித்தது, விதிக்கோவையை எழுதியவர் ஆசைப்பட்டிருக்கக்கூடியபடி. திருப்பி அனுப்பினேன். என் கணவர் எங்கே என்று கேட்க இரண்டு சொற்கள் போதும். கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைத் தண்டித்திருக்க மாட்டார்கள். பொம்பிளையிடம் கம்பியைக் கொடுத்தால் வீட்டுக்கதைதான் போகும் என்று சொல்லக் காத்திருந்த சிலருக்கு அது ஆதாரமாகியிருக்கும். அவர்களுக்கு ஓர் ஆதாரமும் கொடுப்பதில்லை என்பதுதான் அந்தக் காலத்தில் என் வேலைத்திறமையின் பெரும்பகுதி.

கதவைத் திறந்தால் வாசல் நிறையப் பெண்கள், தலையில் சாக்கு, காலெல்லாம் சேறு. முதல்நாள் பின்னேரம் போன மூன்று வள்ளங்கள் திரும்பவில்லை. மதலேனம்மாவின் மனிசனும் மூத்தவனும் ஒன்றில். நீரோட்டம் தெற்கே இழுக்கும் காலம்; திருகோணமலைப் பக்கத்துக் கந்தோர்களுக்கு அறிவித்தால் கரைகளில் பார்ப்பார்கள். உயிராபத்துச் செய்திக்கு எல்லாவற்றிலும் முன்னுரிமை. நான் வள்ளங்களின் அடையாளத்தையும் ஆட்களின் பெயர்களையும் வவுனியாவுக்கு அடித்துக்கொண்டிருந்தேன்.

பாதியில் யாழ்ப்பாணம் குறுக்கிட்டது. கடைசிக் கோட்டை இழுக்கும் கை. 'கரைக் கந்தோர்ப் பொறுப்பதிகாரிக்குத் தனிப்பட்ட தந்தி ஒன்று.'

'பொறு' என்ற குறியை அடித்தேன். அடுத்த பெயரை அனுப்பினேன். சூசைமுத்து. எழுத்துக்கு எழுத்து சரியாக அனுப்பினேன். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

அப்போது வவுனியா வாய் திறந்தது. மிஸ் குறுக்கிட்டதை அதற்கு முன் நான் கேட்டதேயில்லை. 'வந்த பெயர்களை மற்றக் கம்பியில் திருகோணமலைக்கு அனுப்புகிறேன். அதுவரை இந்தக் கம்பி சும்மா இருக்கிறது. யாழ்ப்பாணம், தொடங்கு.'

யாழ்ப்பாணம் தொடங்கியது. கை எழுதியது, மனம் வாசிக்கவில்லை. நேரம் குறித்தேன், ஒப்பமிட்டேன், மடித்தேன், உறையிலிட்டு என் பெயரையும் பதவியையும் எழுதினேன். பெறுபவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். வாங்கினேன். பிறகு உடைத்து வாசித்தேன். வதனி ஆஸ்பத்திரியில். நெருப்புக் காய்ச்சல். உடனே வரவும்.

மதலேனம்மா கம்பிவலைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"என்ன கந்தோரம்மா, உங்களுக்கு நீங்களே தந்தி குடுக்கிறியளோ?"

"மகளுக்குக் கடுமையாம். ஆஸ்பத்திரியில."

அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்து, "சத்தம் போடாதையுங்கோடி, கந்தோரம்மாவின்ர பிள்ளைக்கு ஏலாதாம்," என்றாள். அவள் மனிசனும் மகனும் அப்போதும் கடலில். பிறகு என்னிடம்: "அப்ப வெளிக்கிடுங்கோவன்! ஏன் நிக்கிறியள்?"

"சாவி இருக்கு."

"என்னட்டைத் தாங்கோ. முத்திரையைத் திண்டு போடுவனே?"

மிச்சப் பெயர்களையும் அனுப்பிவிட்டு, பதில் அலுவலர் கேட்டு மேலிடத்துக்கு அடித்தேன். மத்தியானம் கழிந்து, மூன்று வள்ளமும் கொக்கிளாய்ப் பக்கம் கரை தட்டிய செய்தி வந்தது. வாசல் அழுது, சிரித்து, கோயிலுக்கு ஓடிற்று. மதலேனம்மா மட்டும் திரும்பி வந்து விறாந்தையில் குந்தியிருந்தாள். நான் கேட்ட பதில் அலுவலரைப் பற்றி ஒரு தட்டும் இல்லை. கதவைச் சாத்தியபோதும் இல்லை.

மறுநாள் தபால் பஸ்ஸில் மிஸ் வந்து இறங்கினார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் கோப்பை. சுவரைப் பார்த்தார்.

"கடிகாரம் ஒரு நிமிசம் பிந்துது."

"மிஸ், பதில் அலுவலர்..."

"ஒருத்தரும் வரேல்லை. நான் வந்தது பரிசோதனைக்கு. முன்னறிவித்தல் இல்லாமல் வரலாம், பந்தி உங்களுக்குத் தெரியும். பரிசோதனை நடக்கேக்க சாவி ஆற்ற கையில?"

"பரிசோதிக்கிறவற்ற கையில, மிஸ்."

"பொறுப்பதிகாரி?"

"கந்தோருக்கு வெளியில நிக்கவேணும்."

"எவ்வளவு தூரம் வெளியில எண்டு இருக்கோ?"

நான் யோசித்தேன். "இல்லை, மிஸ்."

"எப்ப முடிக்கவேணும் எண்டு?"

"அதுவும் இல்லை."

"அப்ப பஸ் திரும்புறதுக்கு முதல் சாவியைத் தாங்கோ."

அந்தப் பரிசோதனை ஒரு கிழமைக்கு மேல் நீடித்தது. அதன் அறிக்கை பிறகு என்னிடம் விளக்கம் கேட்டு வந்தது. பசைப் போத்தலுக்கு மூடி இல்லை. முத்திரையரக்குக் கட்டி உடைந்திருக்கிறது. கடிகாரம் ஒரு நிமிடம் பிந்துகிறது. மீன் விற்கும் பெண்ணொருத்தி அனுமதியின்றிப் பரிசோதகருக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விளக்கம் எழுதினேன். என் சேவையில் அத்தனை ஆசையோடு நான் வேறெதையும் எழுதியதில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வதனி பாதியாக இருந்தாள். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆனால் காய்ச்சல் இறங்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். என்னைக் கண்டதும் முதலில் முறைப்பாடுதான்.

"அம்மா, அப்பா என்னட்டைச் சொல்லுக் கேக்கேல்லை."

"என்ன சொல்லு?"

"வேலைக்குப் போகேக்க கேக்கிறவர் எல்லே? அம்மாவுக்கு இண்டைக்கு என்ன சொல்லுவம் எண்டு. நான்தானே சொல்லிவிடுறனான்."

அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். செய்திகளை அவர் தெரிந்தெடுத்து அனுப்புகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஊஞ்சலும் பூனையும் அவளே எனக்கு எழுதிய கடிதங்கள்.

"ஏணியும் நீங்களோ?" என்று வதனியிடம் கேட்டேன்.

"ஓம். விழுந்ததைச் சொல்லவேண்டாம் எண்டு அப்பா சொன்னவர்."

"சரி, இண்டைக்கு என்ன சொல்லு?"

யோசித்தாள். "அம்மா இஞ்சதானே நிக்கிறியள். அப்ப இனிச் சொல்லு இல்லையோ?"

அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம். பிள்ளை என்னைவிட அந்தச் சொல்லோடு பழகிவிட்டாள். அவளை என்னோடு கொண்டுபோவதென்று அங்கேயே தீர்மானித்தேன். மச்சாளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் வளர்த்தவர், அவருக்கும் நோகும்.

"அந்த உப்புத் தண்ணிக்கும் நுளம்புக்குமோ பிள்ளையைக் கொண்டுபோறீர்? உமக்குக் கந்தோர். பிள்ளைக்கு ஆர்?"

"பிள்ளைக்கும் கந்தோர்தான், மச்சாள்."

அப்படியே ஆயிற்று. வதனி மதலேனம்மாவின் கடைக்குட்டியோடு மிஷன் பள்ளிக்கூடம் போனாள். மத்தியானத்துக்குப் பிறகு என் கதிரைக்குப் பின்னால் வாங்கில் இருப்பாள். வாய்ப்பாட்டுக்கு முன் தந்தியைக் காதால் வாசிக்கப் பழகிவிட்டாள். பிள்ளையை வைத்துக்கொண்டு பொறுப்பு வேலை பார்க்க முடியாது என்று மொட்டைக் கடிதம் ஒன்று மேலிடத்துக்குப் போய், மிஸ்ஸிடம் அறிக்கை கேட்டார்கள். மிஸ் வந்து பார்த்து எழுதினார்: 'பொறுப்பதிகாரியின் மகள் தரம்பிரிக்கும் மேசைக்குக் கீழே உறங்குகிறாள். சேவைக்கு இடையூறில்லை.' என் வேலையைப் பற்றி அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை. அவள் மேசைக்குக் கீழே இருந்த வருடங்களில் எந்தப் பையும் ஊர் மாறிப் போகவுமில்லை.

காலையில் சொல் இப்போது எங்கள் பக்கமிருந்து போயிற்று. 'நண்டு.' 'அலை.' 'சைக்கிள்.' வதனி சொல்வாள், நான் அடிப்பேன், யாழ்ப்பாணம் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பும்போது அவர் கை கடைசிக் கோட்டை முன்னிலும் நீளமாக இழுத்தது. ஒரு சொல்லோடு பகலைக் கழிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால் நல்ல சொல்லாகத் தெரிந்தெடுக்கும்படி அவளிடம் சொல்வேன். இரண்டு குசினியில் எதில் பிள்ளை சாப்பிட்டாலும் மற்றதில் ஒருவர் தனியேதான் சாப்பிட வேண்டும். வகுப்பில் கேட்ட அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். சமாளிக்கவில்லை, தங்கச்சி. முறை வைத்து ஏங்கினோம்.

இப்போது என் வீட்டில் தொலைபேசி இருக்கிறது. வதனி தூரதேசத்திலிருந்து அழைத்து நெடுநேரம் கதைக்கிறாள், எல்லாம் சொல்கிறாள். வைத்த பிறகு, அதில் எந்தச் சொல்லை நாளை முழுவதும் வைத்திருக்கலாம் என்று தேடுகிறேன். கடைசிக் கோட்டை இழுக்கும் கை போய்ச் சேர்ந்துவிட்டது. மிஸ்ஸும் போய்விட்டார். கம்பியும் இல்லை.

மாற்றம் கேட்ட விண்ணப்பத்துக்கு வருகிறேன். வருடத்துக்கொரு நினைவூட்டல், உரிய வழிமூலம், மிஸ்ஸின் சிபாரிசோடு போய்க்கொண்டிருந்தது. 'கவனத்திலுள்ளது' என்றுகூட எவரும் எழுதவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. 1962 தைமாதம் வதனி மேல்வகுப்புக்காக யாழ்ப்பாணம் போனாள், தகப்பனோடு இருந்து படிக்க. மதலேனம்மா கருவாட்டுப் பொட்டலத்தோடு பஸ்ஸடிக்கு வந்து, "உங்களுக்கும் எனக்கும் ஒரே பாடுதான், கந்தோரம்மா. கரையில நிண்டு பாக்கிறது," என்றாள். மறுநாளிலிருந்து காலைச் சொல் மறுபடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. 'இரட்டைப்பின்னல்' என்று ஒரு நாள். யார் பின்னிவிட்டது என்று பகல் முழுவதும் யோசித்தேன்.

அடுத்த மாதம், ஒரு திங்கட்கிழமை. காலையில் வந்த சொல் 'எப்போது'. அவள் தெரிந்தெடுத்த சொல் என்பதில் சந்தேகமில்லை. அவர் அப்படிக் கேட்க மாட்டார். கேள்விக்குப் பதில் சொல்லச் சோதனையில் இடமில்லை. விதிப்படி அதையே திருப்பி அனுப்பினேன்.

தபால் பஸ் வந்தது. பையை உடைத்துத் தரம் பிரிக்கையில் என் பெயருக்கு நீள உறையொன்று. கணவனும் மனைவியும் ஒரே நிலையத்தில் இருக்கவேண்டுமென்ற விதியைக் கருத்திற்கொண்டு, என் கணவரை யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் கரைக் கந்தோருக்கு மாற்ற இணங்கியிருந்தார்கள். வதனி அவரோடு யாழ்ப்பாணம் போய் இரண்டு மாதமும் ஆகவில்லை. அவர் இங்கே வந்தால் அவள் அங்கே தாயும் தகப்பனும் இல்லாமல் படிக்க வேண்டும். ஏற்காவிட்டால் இனி இவ்விடயத்தில் எந்த விண்ணப்பமும் கவனிக்கப்படமாட்டாது என்றும் எழுதியிருந்தது.

கிடைத்ததற்கு அன்றே ஒப்புகை அனுப்ப வேண்டும். அதற்குப் பந்தி உண்டு. ஒரு தாளை எடுத்து, வதனியின் மூன்று வயதில் எழுதிய விண்ணப்பத்துக்குப் பதிலைப் பெற்றுக்கொண்ட திகதியை எழுதினேன்: 19 பெப்ரவரி 1962.